அன்ரன் செக்கோவ் (1860 – 1904): வாழ்வும் எழுத்துப் பழக்கமும்

மாணவர்களே, சிறுகதையின் தோற்றமும் வளர்ச்சியும் பற்றி வினா வரும்போது எட்கார் அலன்போ, மாப்பசான், செக்கோவ் என்னும் மூன்று பெயர்களையும் பலரும் ஒரே மூச்சில் எழுதிவிடுவர். அவர்களுள் செக்கோவ் யார் என்று திருப்பிக் கேட்டால், ரஷ்ய எழுத்தாளர் என்பதற்கு மேல் பதில் வருவதில்லை. பெயரை மனனம் செய்வதால் கிடைப்பது அரைப்புள்ளிதான். அந்த மனிதர் எப்படி எழுதினார், எந்தச் சூழலில் இருந்து எழுதினார் என்பதை அறிந்துகொண்டால் சிறுகதை என்ற வடிவமே உங்களுக்கு விளங்கத் தொடங்கும். ஆகவே இங்கு அவரது வாழ்க்கையை எழுத்துப் பழக்கத்தோடு சேர்த்து நோக்குவோம்.

பிறப்பும் இளமையும்

அன்ரன் பாவ்லொவிச் செக்கோவ் 1860ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 29ஆம் திகதி, தென் ரஷ்யாவில் அசோவ் கடலோரத்திலுள்ள தகன்ரோக் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். இவரது பாட்டனார் பண்ணையடிமையாக இருந்தவர். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொடுத்து 1841இல் தமது குடும்பத்தின் விடுதலையை வாங்கினார். ரஷ்யாவில் பண்ணையடிமை முறை ஒழிக்கப்பட்டது 1861இல்தான் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

தந்தை பாவெல் பலசரக்குக் கடை வைத்திருந்தார். கண்டிப்பு மிகுந்தவர், பிள்ளைகளை அடித்து வளர்த்தவர். தேவாலயப் பாடற் குழுவில் பிள்ளைகளை நீண்ட நேரம் நிறுத்திப் பாடவைப்பார். பாடசாலை விட்டு வந்ததும் அன்ரன் கடையில் நிற்கவேண்டும். கடைக்கு வந்துபோகும் மாலுமிகள், வியாபாரிகள், குடிகாரர்கள், யாத்திரிகர்கள் ஆகியோரின் பேச்சைக் கேட்டுக்கொண்டே அந்தச் சிறுவன் வளர்ந்தான். தாயார் எவ்கேனியா கதை சொல்வதில் வல்லவர். படிப்பில் செக்கோவ் முதல் மாணவர் அல்லர். கிரேக்க மொழிப் பரீட்சையில் தவறியதால் ஒருமுறை அதே வகுப்பில் மீண்டும் இருக்க நேர்ந்தது. (இதைப் படித்துவிட்டு யாரும் ஆறுதல் அடைந்து புத்தகத்தை மூடிவிட வேண்டாம்!)

1876இல் கடை நொடித்துப்போனது. கடன்காரருக்குப் பயந்து தந்தை மொஸ்கோவுக்கு ஓடினார். குடும்பமும் பின்னால் சென்றது. படிப்பை முடிப்பதற்காகப் பதினாறு வயது அன்ரன் மட்டும் தகன்ரோக்கில் தங்கினார். தங்கள் வீடு பிறர் கைக்குப் போய்விட, அதே வீட்டின் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு மூன்று ஆண்டுகள் வாழ்ந்தார். மற்றப் பிள்ளைகளுக்கு ரியூசன் சொல்லிக்கொடுத்துத் தமது செலவைப் பார்த்தார். எஞ்சிய வீட்டுச் சாமான்களை விற்று மொஸ்கோவுக்குப் பணம் அனுப்பினார். பணத்தோடு நகைச்சுவை நிறைந்த கடிதங்களையும் அனுப்பினார்.

வரிக்கு எட்டுக் கொப்பேக்

1879இல் மொஸ்கோப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்கச் சேர்ந்தார். தகன்ரோக் நகரசபை மாதம் 25 ரூபிள் உதவிப்பணம் வழங்கியது. வறுமையில் கிடந்த பெரிய குடும்பத்துக்கு அது எம்மூலைக்கு? ஆகவே நகைச்சுவைச் சஞ்சிகைகளுக்கு எழுதத் தொடங்கினார். முதல் ஆக்கம் 1880இல் ‘தும்பி’ என்ற பெயருடைய வாரச் சஞ்சிகையில் வெளிவந்தது. 1882 முதல் லெய்க்கின் என்பவர் பீற்றர்ஸ்பேர்க்கில் நடத்திய ‘சிதறல்கள்’ என்ற சஞ்சிகையில் தொடர்ந்து எழுதினார். அங்கே வரிக்கு எட்டுக் கொப்பேக் கிடைத்தது. நூறு கொப்பேக் ஒரு ரூபிள். எனவே நூறு வரிக் கதை ஒன்றுக்கு எட்டு ரூபிள். லெய்க்கினோ நூறு வரிக்கு மேல் போவதை விரும்பாதவர்.

இந்தக் கணக்கை நான் சும்மா சொல்லவில்லை. செக்கோவின் கலையை விளங்கிக்கொள்ள இது மிகவும் முக்கியம். வரிக்குக் காசு என்றால் எவரும் கதையை நீட்டவே பார்ப்பர். ஆனால் நூறு வரி என்ற எல்லை அவரை நீட்டவிடவில்லை. பாத்திரத்தை இரண்டு வரியில் அறிமுகப்படுத்த வேண்டும். பேச்சிலேயே அவனது குணம் தெரியவேண்டும். முடிவு சட்டென்று வரவேண்டும். அந்தக் கட்டுப்பாட்டைப் பற்றி அவர் முறைப்பட்டதும் உண்டு. ஆயினும் எதைச் சொல்லாமல் விடுவது என்பதை அவர் கற்றுக்கொண்ட பட்டறை அதுவே என்று நான் கருதுகிறேன்.

எழுதிய சூழலோ பரிதாபமானது. தனியறை கிடையாது. 1883இல் லெய்க்கினுக்கு எழுதிய கடிதத்தில் தமது நிலையை அவரே விவரித்துள்ளார். எதிரில் மருத்துவப் பாடப் புத்தகங்கள் மனச்சாட்சியைக் குத்துகின்றன. பக்கத்து அறையில் விருந்தாளியின் குழந்தை வீரிட்டு அழுகிறது. இன்னோர் அறையில் தந்தை தாய்க்கு ஒரு கதையை உரத்து வாசிக்கிறார். யாரோ இசைப்பெட்டியை முடுக்கிவிட்டிருக்கிறார்கள். இவற்றுக்கு நடுவேதான் வாரம்தோறும் கதை போனது. சொந்தப் பெயரை மருத்துவத்துக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டு, அந்தோஷா செக்கோந்தே, மண்ணீரல் இல்லாத மனிதன் போன்ற புனைபெயர்களில் எழுதினார். அந்நாளில் எழுத்தைத் தமது தொழிலாக அவர் எண்ணவில்லை என்பதற்கு இதுவே சான்று. 1884இல் வைத்தியராகப் பட்டம் பெற்றார். அதே ஆண்டின் இறுதியில் முதன்முறையாக இருமலோடு இரத்தம் வந்தது. அது காசநோயின் அறிகுறி என்பது ஒரு வைத்தியருக்குத் தெரியாததல்ல. ஆனால் வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் வேறு காரணம் சொல்லிச் சமாளித்தார். தம்மை இன்னொரு வைத்தியர் பரிசோதிக்கவும் பல ஆண்டுகள் அவர் இடம்கொடுக்கவில்லை.

ஒரு கடிதம்

1886ஆம் ஆண்டு மார்ச் மாதம் செக்கோவுக்குப் பீற்றர்ஸ்பேர்க்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் கிரிகரோவிச், அறுபதைக் கடந்த, மதிப்பு வாய்ந்த மூத்த எழுத்தாளர். செக்கோவின் ‘வேட்டைக்காரன்’ என்ற கதையைப் படித்து வியந்த அவர், உம்மிடம் உண்மையான ஆற்றல் இருக்கிறது, அவசர அவசரமாக எழுதி அதை வீணாக்காதீர், பட்டினி கிடந்தாலும் பரவாயில்லை, மனப்பதிவுகளைச் சேமித்து ஆறுதலாக எழுதும் என்ற கருத்துப்பட எழுதியிருந்தார்.

இருபத்தாறு வயது செக்கோவ் இக்கடிதத்தால் நிலைகுலைந்து போனார். அவர் எழுதிய பதில் ஓர் ஒப்புதல் வாக்குமூலம் போன்றது. ஒரு கதைக்கு ஒரு நாளுக்கு மேல் செலவழித்ததாகத் தமக்கு நினைவில்லை என்றார். கிரிகரோவிச் பாராட்டிய அந்த ‘வேட்டைக்காரன்’ கதையைக் குளிக்கும் இடத்தில் இருந்தே எழுதினாராம். தீ விபத்தைப் பற்றிப் பத்திரிகை நிருபர் எழுதுவதுபோல், வாசகரையோ தம்மையோ பொருட்படுத்தாமல், அரை நினைவோடு எழுதித் தள்ளியதாக ஒப்புக்கொண்டார். எனினும் அதே கடிதத்தில் இன்னொன்றையும் கூறினார். தமக்கு மிகப் பிரியமான காட்சிகளையும் படிமங்களையும் இந்தக் கதைகளில் செலவழிக்காமல், ஏனென்று தெரியாமலே பத்திரமாக ஒளித்து வைத்திருந்தாராம்.

செக்கோவின் வாழ்க்கையில் நாம் கவனமாக நின்று பார்க்கவேண்டிய இடம் இது. எட்டு ரூபிளுக்காக எழுதிக்கொண்டிருந்தபோதும் விற்பதற்கில்லை என்று உள்ளே ஒரு பகுதியைப் பூட்டி வைத்திருந்த மனிதர் அவர். அப்பூட்டு பின்னர் திறந்தது. 1885, 1886ஆம் ஆண்டுகளில் ஆண்டுக்கு நூறளவில் ஆக்கங்களை வெளியிட்டவர் 1888இல் பத்துப் பன்னிரண்டோடு நிறுத்திக்கொண்டார். அவ்வாண்டில் வெளிவந்த ‘ஸ்ரெப்பி’ என்ற நெடுங்கதைக்கு ஏறத்தாழ ஒரு மாதம் எடுத்துக்கொண்டார். படிப்பதற்காகத் தூர ஊருக்கு அனுப்பப்படும் ஒன்பது வயதுச் சிறுவன் பரந்த புல்வெளியூடாக வண்டியிற் செல்லும் கதை அது. தமது சிறுபராயத்தில் பாட்டனாரின் ஊருக்குச் சென்ற பயணங்களின் நினைவுகளே அதற்கு ஊற்று. அதே 1888இல் அவரது கதைத் தொகுதிக்குப் புஷ்கின் பரிசு கிடைத்தது.

இக்காலப்பகுதியில் எழுந்த இரு சிறுகதைகளை எல்லோரும் படிக்கவேண்டும். ஒன்று ‘துயரம்’. மகனைப் பறிகொடுத்த குதிரைவண்டிக்காரன் ஒருவன் தன் துக்கத்தைச் சொல்ல ஆள் தேடுகிறான். சவாரி வருவோர் எவரும் காதுகொடுக்கவில்லை. இறுதியில் லாயத்தில் நின்ற தன் குதிரையிடம் சொல்லித் தீர்க்கிறான். மற்றது ‘வான்கா’. சப்பாத்துத் தைப்பவனிடம் வேலைக்கு விடப்பட்ட ஒன்பது வயதுச் சிறுவன், தன்னைக் கூட்டிக்கொண்டு போகும்படி தாத்தாவுக்குக் கடிதம் எழுதுகிறான். உறையில் ஊர்ப்பெயர் இல்லை. கிராமத்திலுள்ள தாத்தாவுக்கு என்று எழுதித் தபாற்பெட்டியில் போடுகிறான். அக்கடிதம் போய்ச்சேராது என்று செக்கோவ் எந்த இடத்திலும் சொல்லவில்லை. சொல்லாமலே நமக்குத் தொண்டை அடைக்கிறது.

சகலினும் கொழும்பும்

1889இல் அண்ணன் நிக்கலாய் காசநோயால் இறந்தார். ஓவியரான அவரை அருகிலிருந்து பராமரித்தவர் செக்கோவ். அடுத்த ஆண்டு, பலரும் தடுத்தும் கேளாமல், ரஷ்யாவின் கிழக்குக் கோடியிலுள்ள சகலின் தீவுக்குப் புறப்பட்டார். அது கைதிகளை நாடுகடத்தும் தீவு. சைபீரியாவுக்கூடாகப் புகையிரதப் பாதை அப்போது கிடையாது. குதிரை வண்டியிலும் படகிலுமாகச் சேறு, வெள்ளம், குளிர் யாவற்றையும் கடந்து ஏறத்தாழ மூன்று மாதம் பயணம் செய்தார். தீவில் மேலும் மூன்று மாதம் தங்கி, அதிகாலையில் எழுந்து குடிசை குடிசையாகச் சென்று, ஏறக்குறைய 10,000 பேரின் விபரங்களை அட்டைகளிற் பதிந்தார். கதை எழுதுபவருக்கு இந்த வேலை ஏன் என்று அன்றே பலர் கேட்டனர். மருத்துவத்துக்குத் தாம் பட்ட கடனைத் தீர்ப்பதாக அவர் கருதினார். இதன் பயனாகத் தோன்றிய ‘சகலின் தீவு’ என்ற நூல் 1895இல் வெளிவந்தது.

நம் நாட்டவருக்குச் சுவையான செய்தி இனித்தான் வருகிறது. திரும்பும்போது கடல்வழியாக ஹொங்கொங், சிங்கப்பூர் வந்து, 1890 நவம்பரில் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கினார். சில நாட்களே தங்கினார். கண்டிக்குப் புகையிரதத்தில் சென்று வந்தார். சகலினை நரகமாகக் கண்டவருக்கு இலங்கை சொர்க்கமாகத் தோன்றியதாகக் கடிதங்களில் எழுதியுள்ளார். கொழும்பில் ஆசையோடு வாங்கிச்சென்ற கீரிப்பிள்ளை அவரது மொஸ்கோ வீட்டில் பூச்சாடிகளைக் கிளறிப் பாத்திரங்களை உடைத்துப் பெரும் அட்டகாசம் செய்ததாம். கடைசியில் மிருகக்காட்சிச்சாலையில் கொடுத்துவிட்டார்.

அந்தக் கப்பற் பயணத்தின்போது நோயாளிகள் இருவர் இறந்து கடலில் போடப்பட்டனர். அக்காட்சியிலிருந்து பிறந்தது ‘குசேவ்’ என்ற சிறுகதை. படைச்சேவை முடிந்து ஊர் திரும்பும் வழியில் கப்பலிலேயே இறந்துபோகும் சாதாரண சிப்பாய் ஒருவனின் கதை அது. இக்கதை இலங்கையில் கருக்கொண்டதால் அதன் அடியில் கொழும்பு என்று இடப்பெயர் போடலாமென அவர் சுவோரின் என்ற பதிப்பாசிரியருக்கு எழுதினார். உலகப் புகழ்பெற்ற ஒரு சிறுகதை நம் மண்ணில் மனதில் ஊன்றப்பட்டது என்பதை எத்தனை பேர் அறிவோம்?

எழுதும் முறை

1892இல் மொஸ்கோவுக்குத் தெற்கே மெலிகோவோ என்ற கிராமத்தில் காணி வாங்கிக் குடும்பத்தோடு குடியேறினார். அவ்வாண்டே வாந்திபேதி அபாயம் சூழ்ந்தது. சம்பளம் வாங்காமல் 25 கிராமங்களுக்குப் பொறுப்பான வைத்தியராகப் பணிபுரிந்தார். அந்தக் கோடையில் இலக்கியம் ஏறக்குறைய ஒதுங்கியே நின்றது. அப்பகுதியில் மூன்று பாடசாலைகளைக் கட்டுவித்தார். வீட்டில் விருந்தாளிகள் ஓயாமல் வந்ததால், 1894இல் தோட்டத்தில் சிறு மரவீடு ஒன்றை எழுப்பி அங்கே போயிருந்து எழுதினார். ‘கடற்பறவை’ நாடகம் 1895இல் அங்குதான் எழுதப்பட்டது.

செக்கோவின் பழக்கங்களுள் மூன்று என் மனதைக் கவர்ந்தவை. குறிப்புக் கொப்பி அவற்றுள் ஒன்று. 1891 முதல் இறக்கும் வரை வைத்திருந்தார். காதில் விழுந்த ஒரு சொற்றொடர், விசித்திரமான ஒரு பெயர், இரண்டு வரியில் ஒரு கதைக்கரு என்று அதில் எழுதி வைப்பார். அடுத்தது காத்திருத்தல். கண்முன் இருப்பதை அப்படியே பார்த்து எழுதத் தம்மால் முடியாது என்றும், நினைவு என்னும் சல்லடையில் அரித்து முக்கியமானது மட்டும் எஞ்சிய பிறகே எழுத முடியும் என்றும் 1897இல் ஒரு கடிதத்திற் கூறினார். 1902இல் வெளிவந்த ‘ஆயர்’ என்ற கதையின் கரு ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் அவர் மனதில் கிடந்ததாம்.

மற்றது வெட்டுதல். கதையை எழுதி முடித்தபின் தொடக்கத்தையும் முடிவையும் வெட்டிவிட வேண்டும், எழுத்தாளர்கள் அதிகம் பொய் சொல்வது அவ்விடங்களிலேதான் என்று இளம் எழுத்தாளர் புனினிடம் சொன்னார். கோர்க்கிக்கு எழுதியபோது, அடைமொழிகளைக் குறைக்கும்படி அறிவுறுத்தினார். ஒருவன் புல்லில் இருந்தான் என்றால் வாசகனுக்கு உடனே விளங்கும். அவன் உயரம், தாடி, புல்லின் நிறம், அவன் பார்த்த பார்வை எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் அடைத்தால் மூளை களைத்துவிடும் என்பது அவர் விளக்கம். ஆதிகாலம் தொட்டு மனிதன் என்று எந்தக் கட்டுரையையும் தொடங்கும் என் மாணவர் சிலருக்கு இதை நான் அடிக்கடி நினைவூட்டுவதுண்டு.

கதையின் படிப்பினை யாது என்ற வினாவுக்குச் செக்கோவின் கதைகளில் விடை தேடுவது கடினம். பிரச்சினையைத் தீர்ப்பதும் பிரச்சினையைச் சரியாக முன்வைப்பதும் வெவ்வேறு, இரண்டாவதே கலைஞனின் கடமை என்று அவர் 1888இலேயே சுவோரினுக்கு எழுதியுள்ளார். பரீட்சையில் இதனைச் செக்கோவின் குறைபாடாக எழுதிவிடாதீர்கள்.

இறுதிக் காலம்

1896 ஒக்டோபரில் பீற்றர்ஸ்பேர்க்கில் ‘கடற்பறவை’ முதன்முறை மேடையேறியபோது பார்வையாளர்கள் கூச்சலிட்டுச் சிரித்தனர். செக்கோவ் இடையிலேயே அரங்கைவிட்டு வெளியேறித் தெருக்களில் தனியே அலைந்தார். இனி நாடகமே எழுதுவதில்லை என்றும் கூறினார். இரண்டு ஆண்டுகளின் பின், 1898 டிசம்பரில், மொஸ்கோ கலை அரங்கினர் அதே நாடகத்தை மேடையேற்றி மாபெரும் வெற்றி கண்டனர். கடற்பறவையின் உருவமே அவ்வரங்கின் சின்னமாயிற்று.

இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடையில், 1897 மார்ச்சில், மொஸ்கோ உணவகம் ஒன்றில் சாப்பாட்டு மேசையில் இருக்கும்போது வாயால் இரத்தம் கொட்டியது. இனி மறைக்க வழியில்லை. வைத்தியசாலையில் அவரைப் பார்க்க வந்தவர்களுள் டால்ஸ்டாயும் ஒருவர். வைத்தியர்களின் ஆலோசனைப்படி மெலிகோவோவை விட்டு, தெற்கே கருங்கடலோரத்திலுள்ள யால்ட்டாவில் வீடு கட்டிக் குடியேறினார். 1899இல் தமது எழுத்துகளின் பதிப்புரிமையை 75,000 ரூபிளுக்கு விற்றார். பெருந்தொகைபோலத் தோன்றினாலும் பதிப்பாளருக்கே இலாபம் என்று நண்பர்கள் கொதித்தனர். தமக்கு அதிக காலம் இல்லை என்பதும், தாயும் தங்கை மரியாவும் இருக்கிறார்கள் என்பதும் செக்கோவுக்குத் தெரியும். அந்த ஒப்பந்தத்தின் பொருட்டுப் பழைய சஞ்சிகைகளில் கிடந்த கதைகளைத் தேடி எடுப்பித்து, வரிவரியாகத் திருத்தினார். இளமையில் ஒரே நாளில் எழுதித் தள்ளியவற்றுள் பெருந்தொகையானவற்றைத் தொகுப்பிற் சேர்க்கவே மறுத்துவிட்டார். எட்டு ரூபிளுக்கு விற்ற கதைகளை நாற்பது வயதில் திரும்ப உட்கார்ந்து தாமே பரீட்சித்துப் பார்த்தார் எனலாம்.

1901இல் நடிகை ஒல்கா நிப்பரை மணந்தார். அவர் மொஸ்கோவில் நடித்துக்கொண்டிருக்க, இவர் யால்ட்டாவில் இருமிக்கொண்டிருந்தார். கடைசி நாடகமான ‘செரித்தோட்டம்’ 1903இல் எழுதப்பட்டது. ஒரு நாளைக்கு நான்கு வரி, அதுவும் தாங்கமுடியாத வேதனையோடு எழுதவேண்டியிருந்த காலம் அது. குடும்பத்தின் சாப்பாட்டுக்காக ஒரு நாளில் ஒரு கதை எழுதிய அதே கை! இருந்தும் முழு நாடகத்தையும் மீண்டும் ஒருமுறை தம் கையாலேயே படியெடுத்துத் திருத்தினார். 1904 ஜனவரியில், பழைய ரஷ்ய நாட்காட்டியின்படி அவரது 44ஆவது பிறந்த நாளன்று, அது மேடையேறியது. பாராட்டு உரைகளைக் கேட்டுக்கொண்டு மேடையில் நிற்கவும் அவருக்குத் தெம்பில்லை.

அவ்வாண்டு ஜூலை 15ஆம் திகதி, சிகிச்சைக்குச் சென்றிருந்த ஜேர்மனியின் பாடன்வைலர் என்ற ஊரில் காலமானார். உடல் மொஸ்கோவுக்கு வந்தது சிப்பி இறைச்சி ஏற்றும் குளிர்சாதனப் புகையிரதப் பெட்டியில். அவரே எழுதியிருக்கக்கூடிய காட்சி அது. யால்ட்டா வீட்டைத் தங்கை மரியா 1957இல் தாம் இறக்கும் வரை நூதனசாலையாகப் பேணி வந்தார். செக்கோவ் விட்டுச்சென்ற குறிப்புக் கொப்பியில், கதையாகாமற் போன கருக்கள் பல எஞ்சியிருந்தன.